வேந்தர் கழுத்தில் வழிந்த நீர்

பொரிமணல் நாடு என்று ஒரு நாடு உண்டு. வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போட வந்தவர் வெயில் தாங்காமல் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். பகல் பதினொரு மணிக்கு மேல் அங்கே காக்கைகூடப் பறக்காது. ஆனால் அந்த நாட்டை ஆண்ட தண்ணளி வேந்தருக்கு மட்டும் வெயில் இன்னதென்று தெரியாது. அவர் எங்கே போனாலும் பனிக்கட்டி வண்டி முன்னால் போகும், விசிறிக்காரர்கள் பின்னால் போவார்கள்.

அந்த நாட்டில் நானூறு குடும்பங்கள் கூடாரத் துணிக்கு அடியில் கிடந்தன. அவர்களுக்கு வீடு கட்டித் தரப்போவதாக வேந்தர் அறிவித்ததும் வடிவமைக்கும் வேலை ஆவுடையாளிடம் வந்தது. வெயிலை அளந்து வீடு கட்டப் படித்தவள் அங்கே அவள் ஒருத்திதான். அவளுடைய தங்கை செல்லாச்சியும் அந்தக் கூடாரங்களில் ஒன்றில்தான் இருந்தாள், நாலு மாதக் கர்ப்பத்தோடு. முந்தின வருடம் கத்திரி வெயிலில் கூடாரத்தில் பிறந்த முதல் குழந்தை மூன்று நாள்தான் உயிரோடு இருந்தது. இந்தக் குழந்தையாவது குளிர்ந்த சுவருக்குள் பிறக்க வேண்டும். ஆவுடையாளுக்கு வேறு எதுவும் பெரிதாகப் படவில்லை.

இரண்டு முழக் கனத்தில் மண் சுவர், வடக்கே சின்னச் சன்னல்கள், நடுவில் நிழல் விழும் முற்றம், மேலே போகும் காற்றைப் பிடித்து உள்ளே இறக்க ஒரு கோபுரம், கூரையில் வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடுகள். இப்படி வரைந்து அவள் மனைத்துறை அமைச்சர் கருணாலயரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கருணாலயர் படத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கனத்த சுவர் எதற்கு? மறைப்பதற்கு ஏதாவது வைத்திருப்பவனுக்குத்தான் கனத்த சுவர் தேவை. தகரம் போதும்" என்றார். மறுவாரம் சன்னல்களை மேற்கே மாற்றச் சொன்னார். மேற்கில்தான் அரண்மனை இருந்தது. குடிமக்கள் மாலை முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமாம். அடுத்த வாரம், வேந்தரின் சிலையைவிடக் காற்றுக் கோபுரம் இரண்டு அடி உயரம் என்று அதை வெட்டினார். வேந்தரின் கொடியில் சூரியன் இருப்பதால், அதிலிருந்து கண்டவர்களும் மின்சாரம் கறப்பது மரியாதை இல்லை என்று தகடுகளையும் எடுத்துவிட்டார். முற்றத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. மறந்துபோய் அதன்மேல் கூரையைப் போட்டுவிட்டார்கள்.

"ஐயா, இதில் மனுசர் இருக்க முடியாது, வெந்துபோவார்கள்" என்று ஆவுடையாள் கெஞ்சினாள்.

"வெயில் என்பதே நமக்கு வேண்டாதவர்கள் கிளப்பிவிட்ட பேச்சு, அம்மணி."

மாதிரி வீட்டைப் பார்க்க வேந்தர் வரும் நாள் வந்தது. செல்லாச்சியின் புருசன் சுடலைதான் அங்கே கொத்தனார். அவன் ஆவுடையாளை ஓரமாகக் கூப்பிட்டான்.

"மதினி, விடியக்காலையில நாலு வண்டி ஐஸ் வந்துச்சு. சுவத்துல ரெண்டு தகரத்துக்கும் நடுவுல அடைக்கச் சொல்லி அடைச்சிட்டோம். வெளிய சொன்னா நாக்க அறுத்துருவாங்களாம்."

"எவ்வளவு நேரம் தாங்கும் தம்பி?"

"உச்சி வெயில் ஏறிட்டா முக்கா மணி. ராசா கால் மணிதான் உள்ள இருப்பாராம்."

மீதி அரை மணி நேரம் அவரை எப்படியாவது உள்ளே நிறுத்திவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தாள். ஒரே ஒரு தடவை சுட்டுவிட்டால் போதும், வேந்தருக்குப் புரிந்துவிடும் என்று நம்பினாள்.

உச்சிப் பொழுதில் வேந்தர் உள்ளே வந்தார். "அடடா, என்ன குளிர்ச்சி! இதையே நானூறு கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பப் பார்த்தார். ஆவுடையாள் குறுக்கே போய் விழுந்து கும்பிட்டாள்.

"வேந்தே, இந்த வீட்டில் தங்கள் பெருமை எங்கெங்கே இருக்கிறது என்று நான் விளக்கிச் சொல்ல வேண்டும்."

அதைக் கேட்டபிறகு எந்த வேந்தர் போவார்? அவள் ஓர் ஆணியைக் காட்டி, இது தங்கள் உறுதி என்றாள். தாழ்ப்பாளைக் காட்டி, இது தங்கள் காவல் என்றாள். ஒவ்வொரு ஆணியாக, ஒவ்வொரு கீலாக அவள் புகழப் புகழ, கருணாலயர் கடிகாரத்தைப் பார்த்தார். "வேந்தர் உணவருந்தும் நேரம்" என்றார். "இருக்கட்டும், இவள் நன்றாகப் பேசுகிறாள்" என்றார் வேந்தர். புகழுவதற்கு இன்னும் பதினோரு ஆணிகள்தான் பாக்கி.

அதில் எட்டாவது ஆணியில் தகரம் முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது. சுவரோரம் தண்ணீர் கசிந்தது. பிறகு வெக்கை இறங்கியது. விசிறிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேந்தர் கழுத்தைத் தடவி, விரலைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"கருணாலயரே, என் கழுத்தில் வழிகிறதே, இது என்ன?"

பிறந்ததிலிருந்து அவருக்கு வியர்த்ததே இல்லை.

"அது வியர்வை, வேந்தே. இந்த வீட்டில் வெக்கை அடிக்கிறது. இங்கே குடிவருகிறவர்கள் சாவார்கள்" என்றாள் ஆவுடையாள்.

"நாவை அடக்கு!" என்று கத்தினார் கருணாலயர். "வியர்வை உழைப்பவர்களுக்கு வருவது. வேந்தரையா உழைப்பாளி என்கிறாய்?"

வேந்தர் உழைத்தார் என்றாலும் குற்றம், உழைக்கவில்லை என்றாலும் குற்றம். தொப்பலாக நனைந்த சட்டையோடு கருணாலயர் கைகூப்பினார். "வேந்தே, தாங்கள் காலடி வைத்ததும் இந்த வீடு தண்ணீர் தருகிறது. சுவரைப் பாருங்கள், தங்கள் கழுத்தைப் பாருங்கள்."

வேந்தர் முகம் மலர்ந்தது.

மறுநாள் ஆணை வந்தது. தண்ணீர் தரும் வீடுகளுக்குத் தண்ணீர் வண்டி வீண்செலவு என்பதால், கூடாரங்களுக்கு வந்துகொண்டிருந்த வண்டிகள் சாவி கொடுக்கும் நாளோடு நிற்கும். ஆவுடையாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் வெக்கையோடு போயிருக்கும். வேந்தரை நிறுத்தி வைத்து, இருந்த தண்ணீரையும் போக்கடித்தது அவள்தான். அந்தக் குற்ற உணர்ச்சி அவளைத் தின்றது.

சாவி கொடுக்கும் நாளில் நானூறு குடும்பங்களும் வெயிலில் நின்றன. செல்லாச்சிக்கு அது எட்டாம் மாதம். கடைசி வண்டியில் பிடித்த ஒரு குடம் தண்ணீர் அவள் இடுப்பில் இருந்தது.

"நேராச் சொல்லுக்கா. அந்த வீட்டுல தண்ணி வருமா, வராதா?"

"வராது."

"அப்ப நான் எங்க போயிப் பெத்துக்கிட?"

ஆவுடையாள் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தாள். "அமைச்சர் ஐயா முதல் வீட்டுக்குள் அரை மணி நேரம் இருந்து, முதல் குடம் தண்ணீரைத் தம் கையாலேயே பிடித்துத் தர வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்படுகிறார்கள்!"

கூட்டம் உண்மையாகவே கைதட்டியது. கருணாலயர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது.

ஐந்து நிமிடம் ஆனது, பத்து ஆனது. உள்ளே ஏதோ உருண்டது. காவலர்கள் கதவைத் திறக்கப் பயந்தார்கள். இருபதாவது நிமிடம் அமைச்சர் கதவை உதைத்துக்கொண்டு வெளியே விழுந்து, தட்டுத்தடுமாறி எழுந்து, எதிரே நின்ற செல்லாச்சியின் குடத்தைப் பிடுங்கி, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு, "வற்றாத ஊற்று!" என்றார்.

யாரும் கைதட்டவில்லை. எழுத்தர் சாவிக்கு முதல் பெயராகச் செல்லாச்சியைக் கூப்பிட்டார். அவள் நாலடி தள்ளித்தான் நின்றாள், குரல் கொடுக்கவில்லை. மூன்று தடவை கூப்பிட்டும் பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று எழுத வேண்டும் என்பது விதி. எழுத்தர் மாலை வரை நானூறு குடும்பத்தையும் கூப்பிட்டு, நானூறையும் அப்படியே எழுதினார். பொரிமணல் நாட்டில் வீடு கேட்பவர் இனி ஒருவரும் இல்லை என்று அரசிதழ் பெருமையோடு அறிவித்தது.

இல்லாதவர்களுக்கு ஏது சட்டம்? அவர்கள் வறண்ட ஆற்றுப் பக்கம் போய், மூன்று ஆள் ஆழம் தோண்டித் தண்ணீர் எடுத்து, ஆவுடையாளின் முதல் படத்தை விரித்தார்கள். இரண்டு முழச் சுவர் எழுந்தது. கோபுரம் எழுந்தது. முடிந்த முதல் அறையில் செல்லாச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நாலாவது நாள் விடிந்தபோது அது பாலுக்கு அழுதது. அந்த அழுகையைக் கேட்டு ஆவுடையாளும் அழுதாள்.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனபோது தேர்தல் வந்தது; பொரிமணலில் வேந்தரும் ஓட்டு வாங்கித்தான் வேந்தராக நீடிக்க வேண்டும். தேர்தல் அறிவித்த மறுநாளே அவர்கள் எல்லாரும் இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. கருணாலயர் நானூறு பலகைகளோடு வந்து இறங்கினார். பின்னால் ஓர் இடிக்கும் எந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. பலகையில் 'தண்ணளி வேந்தர் தந்த வீடு' என்று எழுதியிருந்தது.

"பலகையை மாட்டிக்கொண்டால் வேந்தர் தந்தது. மாட்டாவிட்டால் அனுமதி இல்லாத கனத்த சுவர். யோசித்துச் சொல்" என்றார், செல்லாச்சியின் அறைக் குளிர்ச்சியில் சுகமாக நின்றுகொண்டு.

சுடலை கடப்பாரையைத் தேடினான். செல்லாச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவின் காதருகே குனிந்தாள்.

"மாட்டிட்டுப் போகட்டும்க்கா. பலகை எல்லாரும் பாக்க மாட்டுறது. ஓட்டு யாரும் பாக்காம போடுறது. ஆணிய மட்டும் மெதுவா அடிக்கச் சொல்லு, புள்ள தூங்குறா."