தேன்யூர்

ஒரு வெப்சைட்டில் இருக்கும் எழுத்து முழுவதையும் வாசித்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் அடிவரி அண்ணாச்சிதான். அதைச் செய்து கொடுக்கிற நானே வாசித்ததில்லை.

அண்ணாச்சி எதையும் கீழிருந்துதான் வாசிப்பார். கல்யாணக் கார்டு கொடுத்தால் மாப்பிள்ளை யார் என்று பார்க்கமாட்டார். அச்சகத்தின் பெயரைப் பார்ப்பார். "ஒளிச்சு வச்சதெல்லாம் அடியிலதாம்லே கெடக்கும்" என்பார். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். நெய்யூரில் தேன் வியாபாரம். ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்து எடுக்கிற தேன்.

துபாயில் ஒரு கடைக்காரர் அவரிடம் தேன் வாங்க முன்வந்தார். வெப்சைட் இருந்தால் அனுப்புங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்தார். கடல் கடந்து போகப்போகும் முதல் தேன். அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. தோட்டத்துக்கு வந்து பெட்டிகளைப் பார்த்துவிட்டு எழுது என்று என்னிடம் பலமுறை சொன்னார். எனக்குத் தேனீ என்றால் பயம். எழுதுவது என்றால் அதைவிடப் பயம். ஆகவே தக்கலையில் என் ஆபீஸில் இருந்தபடியே காப்பியடிக்கத் தீர்மானித்தேன்.

அதிலும் நான் மகா புத்திசாலி. தேன் கம்பெனியில் எடுத்தால் மாட்டிக்கொள்வேன், நெய்க் கம்பெனியில் எடுத்தால் எவன் கண்டுபிடிப்பான்? வடக்கே ஏதோ ஊரில் ஒரு நெய்க் கம்பெனியின் பக்கத்தை அப்படியே அள்ளினேன். அண்ணாச்சியின் கடைப்பெயரையும் முகவரியையும் அடியில் போட்டேன். பிறகு 'நெய்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'தேன்' என்று மாற்றும்படி கம்ப்யூட்டருக்கு ஒரே கட்டளை. துபாய்க்கு லிங்க்கை அனுப்பிவிட்டு ரசவடை தின்னப் போனேன்.

மறுநாள் அண்ணாச்சி மாடியேறி வந்து போனை என் முன்னால் நீட்டினார். வழக்கம்போல முகவரியில்தான் ஆரம்பித்திருந்தார்.

"மக்கா, நான் பொறந்தது நெய்யூரு. இந்தத் தேன்யூரு எங்க கெடக்கு?"

அவர் வரிவரியாக மேலே ஏறினார். 'தேன்யை உருக்கி வடிகட்டி' என்று ஒன்று. அதற்கும் மேலே, 'எங்கள் பசுக்கள் தரும் சுத்தமான தேன்.'

"பசுவ எந்தப் பெட்டியிலலே அடைச்ச?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போன் அடித்தது. நெய்க் கம்பெனி முதலாளி. அந்தத் துபாய்க்காரர் அவரிடமும் நெய் வாங்குகிறவராம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதே என்று கேட்டிருக்கிறார். வக்கீல், கேஸ் என்று முதலாளி கத்தியது எனக்கே கேட்டது. யாரோ ஹேக் பண்ணிவிட்டதாகச் சொல்லுங்கள் என்று அண்ணாச்சியின் காதில் கிசுகிசுத்தேன். அவர் என்னைத் தள்ளிவிட்டார்.

"நாங்கதான் களவு எடுத்தோம். தப்புதான். இப்பமே அழிச்சிரலாம்" என்றார்.

அந்த 'நாங்க'வில் நான் கூனிக் குறுகிப் போனேன். அவர் ஒரு எழுத்தைக்கூட எடுக்கவில்லை.

துபாய்க்கும் அதையே சொன்னார். சொந்தமாக எழுதி அனுப்புங்கள், பிறகு பார்க்கலாம் என்றார் துபாய்க்காரர். அன்று மத்தியானமே அண்ணாச்சி என்னைத் தோட்டத்துக்கு இழுத்துப் போனார். மூன்று கொட்டு வாங்கினேன், எட்டு வரி எழுதினேன். ஒரு கண் வீங்கி மூடியிருந்ததால் அதுவும் ஒற்றைக் கண்ணால்தான். அந்த எட்டு வரிக்குத் தேன் கப்பலேறியது.

எல்லாவற்றுக்கும் அடியில் என் பெயரைப் போடச் சொன்னார். எழுதியவன் பெயர் கிடந்தால் அடுத்த தடவை களவெடுக்கமாட்டானாம்.

இன்றும் காலையில் கடை திறந்ததும் அண்ணாச்சி அந்தப் பக்கத்தை ஒருமுறை வாசிக்கிறார். கீழிருந்து வாசிப்பதால் முதலில் என் பெயர்தான் வருகிறது.