சூட்கேஸ் டீச்சரும் மறையாத சூரியனும்

சித்தூர் பஸ்ஸில் சூட்கேஸுக்கு அரை டிக்கெட் வாங்கிய ஒரே பிறவி எங்கள் சூட்கேஸ் டீச்சர்தான். அப்படி இன்னொருவர் இருந்தால் தயவுசெய்து என்னிடம் கூட்டி வராதீர்கள். ஒருவரைச் சமாளித்ததே போதும்.

பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. வடக்கே ஒரு நாட்டில் கோடைக்காலத்தில் சூரியன் மறையாது என்று வேலைக்காலம் முழுக்கப் பாடம் நடத்தினார். ஓய்வு பெற்றதும் அதைக் கண்ணால் பார்த்தே தீருவேன், தனியாகத்தான் போவேன் என்று கிளம்பிவிட்டார். அந்த நாட்டின் பெயர் எங்கள் சர்ச் சபையில் ஒருவர் வாயிலும் நுழையவில்லை.

எங்கள் சபையாருக்கு வெளிநாடு புதிதல்ல. மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போவார்கள், பேரனுக்குச் சோறு ஊட்டப் போவார்கள். சம்பளமில்லாத வேலை என்றால் எந்தக் கண்டத்துக்கும் போவார்கள். சும்மா பார்த்துவிட்டு வர ஒருத்தி போவது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

"அங்க யாரு இருக்காங்க டீச்சர்?"

"யாரும் இல்ல. அதான் போறேன்."

இந்தப் பதிலை அவர்கள் கடைசிவரை மன்னிக்கவில்லை.

திருப்பதியில் எனக்கு வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். தனிப் பயணத்துக்குப் பழகுகிறேன் என்று டீச்சரும் அதே பஸ்ஸில் ஏறுவார். ஜன்னலோரம் அவர், பக்கத்தில் சூட்கேஸ், நின்றுகொண்டு நான். கண்டக்டர் முறைத்தால், "அதுக்கும் அரை டிக்கெட் குடுப்பா" என்பார். புத்தலப்பட்டு தாண்டுவதற்குள் இடுப்பில் ஒரு துண்டை விமான பெல்ட் போலக் கட்டிக்கொள்வார்.

"இன்னா டீச்சர் இது, மானம் போவுது!"

"உன் மானம்தானே? போயிட்டு வரட்டும்."

சூரியன் மறையாத ஊருக்குப் பழக, டியூப்லைட்டை அணைக்காமலே தூங்கினார். குளிருக்குப் பழக, திருப்பதியில் மீன் வைக்கும் குளிர்க்கிடங்கு ஒன்றில் ஸ்வெட்டரோடு போய் நின்று, உள்ளே உட்கார இடம் கேட்டார். "அம்மா, இக்கட சேப்பலு பெடதாம், மனுஷுல்னி காது" என்று காவலாளி கையெடுத்துக் கும்பிட்டார். இங்கே வைப்பது மீனை, மனுஷரை அல்ல என்று அந்த மனிதர் நியாயமாகத்தான் சொன்னார். டீச்சர் என்னைப் பார்த்து, "இவனுக்கு பூகோளம் நடத்தினது யாரு?" என்றார்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். எது வேண்டுமோ அது கிடைத்துவிட்டதாக விசுவாசித்து முன்கூட்டியே ஸ்தோத்திரம் செலுத்திவிடுவோம். விசா வருவதற்கு முன்பே டீச்சரை ஆராதனையில் முன்னால் நிறுத்தி, சால்வை போர்த்தி, பாஸ்டர் கண்ணீரோடு ஜெபித்து வழியனுப்பினார். டீச்சர் செலவில் பிரியாணி. துன்ன கையைக் கழுவியதும் ஆளுக்கொரு பொட்டலத்தோடு வந்தார்கள். ஒருவருக்கும் அந்த நாட்டில் பிள்ளைகள் இல்லை. அதனால் என்ன?

"என் பையன் பக்கத்து நாடுதான் டீச்சர். எறங்கினதும் கொரியர் பண்ணிடுங்க."

சூட்கேஸ் நிரம்பியது, அத்தனையும் ஊறுகாய். டீச்சரின் ஸ்வெட்டருக்கு இடமில்லை.

விசா வரவில்லை. சென்னையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி, திரும்பி வருவதற்கு ஊரில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாராம். டீச்சர் பொய் சொல்லத் தெரியாமல் "யாருமில்லை" என்றிருக்கிறார். சொந்தம் இல்லாதவர் திரும்ப மாட்டார் என்று மறுத்துவிட்டார்கள்.

சபையார் துக்கம் விசாரிக்க வந்தார்கள். "கர்த்தர் சித்தம்" என்று உச்சுக்கொட்டி, ஊறுகாயை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த ஞாயிறு டீச்சர் வாசலில் நுழைந்ததும் ஒரு அம்மாள், "இன்னா டீச்சர், சூரியனைப் பாத்துட்டு அதுக்குள்ள வந்துட்டீங்களா?" என்றார். பாஸ்டர்கூடச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அத்தனை பேரும் அவர் பிரியாணியைத் துன்னவர்கள்.

டீச்சர் யாருக்கும் சொல்லாமல் மறுபடி விண்ணப்பித்தார். போன மாதம் என்னை மட்டும் பஸ் ஸ்டாண்டுக்குக் கூப்பிட்டார். சென்னை பஸ் புறப்பட நின்றது. சூட்கேஸில் ஸ்வெட்டர்கள் மட்டும் இருந்தன.

"விசா எப்படி டீச்சர் குடுத்தாங்க?"

"அதே கேள்விதான் கேட்டாங்க. சொந்தம் இல்ல, ஆனா நான் திரும்பி வரலன்னா திட்டறதுக்கு ஊர்ல ஒருத்தன் இருக்கான்னு சொன்னேன். கண்ணாடிக்குப் பின்னால இந்தவாட்டி இருந்த பொண்ணு சிரிச்சிட்டா."

நான் சூட்கேஸை மேலே ஏற்றுகிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விஷயம் வெளியே வந்தது. "ஒரு வார்த்த சொல்லாம பூட்டாங்களே, பையனுக்கு முறுக்கு குடுத்திருப்பேனே" என்று அந்த அம்மாள் அங்கலாய்த்தார்.

பஸ்ஸில் இப்போது உட்கார இடம் கிடைக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. டீச்சர், திட்ட வேண்டியதெல்லாம் நிறைய சேர்ந்துவிட்டது. பார்த்த வரைக்கும் போதும், வந்துவிடுங்கள்.