அத்திமரத்தடி அக்சே

மாமனார் தூக்கத்தில் உளறியதை செலாமி காதில் வாங்காமலே இருந்திருக்கலாம். ஆனால் அன்று மதியம் துருக்கியின் அமாஸ்யா நகரில் ஓர் இலைகூட அசையவில்லை. பாப்லர் மரத்துப் பஞ்சு மட்டும் ஆற்றின் மேல் மெல்ல மிதந்து வந்து, சாய்வு நாற்காலியில் உறங்கிக்கொண்டிருந்த ஹஷ்மெத்தின் மீசையில் உட்கார்ந்தது.

"அக்சே... அத்திமரத்தடியில... யாருக்கும் தெரியக் கூடாது..."

செலாமி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். மலைக்கோட்டையைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டி அவன். 'அக்' என்றால் வெள்ளை, வெள்ளையாக மின்னியதால்தான் சுல்தான் காலத்து வெள்ளிக்காசுக்கு 'அக்சே' என்று பெயர் வந்தது என்று பயணிகளுக்குத் தினமும் சொல்கிறவன். ஒரு குடம் அக்சே கிடைத்தால் போதும், மாமியார் வீட்டு மாடியறையை விட்டு மனைவியோடு தனிக்குடித்தனம் போய்விடலாம்.

மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்கினான். அத்திமரத்தடியை வெட்டத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மண்ணுக்கடியில் போன தண்ணீர்க் குழாய் உடைந்தது. பீய்ச்சியடித்த தண்ணீரில் ஒரு சின்ன வானவில் தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"என்ன மாப்ள பண்றீங்க?" மாமியார் நெபாஹத்தின் குரல்.

"மரத்துக்குத் தண்ணி விடறேன் அத்தை."

"என் சமையல்கட்டுத் தண்ணியையா?"

குழாயைத் துணியால் கட்டினான். துணியையும் பிய்த்துக்கொண்டு தண்ணீர் வந்தது. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொல்லிவிட்டான்.

நெபாஹத் தூங்கும் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். "இத்தனை வருஷமா எங்கிட்ட மறைச்சிருக்கார் இந்த மனுஷன்." சட்டைக் கையை மடித்துவிட்டாள். "தள்ளுங்க மாப்ள. நீங்க வெட்டறது பல்லு குத்தற மாதிரி இருக்கு."

அவள் வெட்டிய வேகத்தில் வேர்கள் அறுந்தன. அத்திமரம் தூக்கத்தில் சொக்கியதுபோல் மெதுவாகச் சாய்ந்தது. செலாமி ஓடிப்போய் அதைக் கயிறு போட்டுப் பக்கத்துவீட்டுச் சுவரின் இரும்புக் கொக்கியில் கட்டினான். மரம் சுவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தது. ஹஷ்மெத் புன்னகையோடு மறுபக்கம் திரும்பிப் படுத்தார்.

புழுதி அடங்கியதும், சுவர் இருந்த இடத்தில் பக்கத்துவீட்டு பெரிஹான் நின்றிருந்தாள். அறுபதைத் தாண்டிய விதவை. கையில் பாதி தோல் சீவிய வெள்ளரிக்காய்.

"என்ன நெபாஹத் தேடறீங்க?"

நெபாஹத்துக்கு மூச்சு வாங்கியது. "உங்கிட்ட என்ன மறைப்பு? இவர் தூக்கத்துல உளறிட்டார். அத்திமரத்தடியில அக்சேயாம். யாருக்கும் தெரியக் கூடாதாம்."

பெரிஹானின் கன்னம் சிவந்தது. வெள்ளரிக்காயை மறந்துவிட்டு ஹஷ்மெத்தையே பார்த்தாள்.

"இன்னுமா அவருக்கு ஞாபகம் இருக்கு? அப்போ நான் நல்ல வெள்ளையா இருப்பேன்ல, என்னை அப்படித்தான் கூப்பிடுவார்."