தூக்கிய காலும் ஒரு படமும்

ஏழாவது தடவையும் வித்யாஸ்ரீயின் தூக்கிய கால் கீழே வந்துவிட்டது. ஃப்ளாஷ் அதற்கப்புறம்தான் அடித்தது.

"தங்கச்சி, ஒரு நிமிசம் நிக்க முடியாதா?" என்றான் தவ்பீக்.

"நான் நிக்கத்தான் பாக்குறேன். காலு நிக்க மாட்டேங்குது அண்ணே."

மதுரைக் கோச்சடையில் ஸ்டூடியோ திறந்த நாளிலிருந்து தவ்பீக் எடுத்ததெல்லாம் பாஸ்போர்ட் படமும் கல்யாண ஆல்பமும்தான். பரதநாட்டியம் இதுவே முதல். இது நன்றாக வந்தால் நாட்டியப் பள்ளிகள் தேடி வரும் என்று நல்ல லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கி வைத்திருந்தான். "அரங்கேற்றம் தம்பி, அழைப்பிதழுக்குப் படம் வேணும். சாயங்காலம் பிரஸ்ஸுக்குப் போயிரணும்" என்று போனில் சொன்ன ஹம்சவேணி, மகளை முழு அலங்காரத்தில் கூட்டி வந்து நிறுத்தியிருந்தார்.

"எத்தனை வருசமாக் கத்துக்கிறது?"

"பதினோரு வருசம்" என்றார் ஹம்சவேணி, அவசரமாக.

பதினோரு வருஷத்தில் லைட் ஸ்டாண்டே ஆடக் கற்றிருக்குமே என்று தவ்பீக் நினைத்துக்கொண்டான்.

மகள் தடுமாறும்போதெல்லாம் அம்மா ஓரத்தில் நின்று, "அரைமண்டி இறங்கு, முட்டி மடங்கட்டும், விரலை விரி" என்று தானே செய்து காட்டினார். எட்டாவது படத்தில் அவர் முழங்கை விழுந்தது. ஒன்பதாவதில் நிழல். உடனே இருவரும் தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் சண்டை பிடித்தார்கள். தவ்பீக்குக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

அம்மாவின் கைகளுக்கு வேலை கொடுத்தால் சும்மா இருப்பார் என்று வெளிச்சம் திருப்பும் வெள்ளைத் தட்டியை அவரிடம் கொடுத்தான். அவர் தட்டியோடேயே அபிநயம் பிடித்தார். தட்டி லைட்டில் மோதியது. பல்பு படாரென்று போனது.

"வைகைக் கரைக்குப் போயிருவோம்மா. சூரியனையாச்சும் உடைக்க முடியாது."

கரையில் வித்யாஸ்ரீ நாலு எட்டு வைத்தாள். சலங்கைச் சத்தம் கேட்டு மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் அத்தனையும் கூடிவிட்டன. அவள் அலறிக்கொண்டு பாறைமேல் ஏறினாள்.

"ஆட்டுக்கா பயப்படுறது? இம்புட்டுத்தான், இங்க பாரு" என்று ஹம்சவேணி செருப்பை உதறினார். தட்டியைக் கீழே போட்டார். ஆடுகளுக்கு நடுவே நூல் சேலையோடு அரைமண்டியில் இறங்கி, ஒரு காலைத் தூக்கி, கையை நீட்டி நின்றார். நின்றவர் அசையவேயில்லை. தவ்பீக்கின் விரல் தன்னால் ஷட்டரை அமுக்கியது.

அன்றைக்கு உருப்படியாக வந்த ஒரே படம் அதுதான்.

கேமராவில் அதைக் காட்டியபோது ஹம்சவேணி குனிந்து கிட்டத்தில் பார்த்தார்.

"இது நானா தம்பி? இந்த வயசுல என் மூஞ்சிய யாரு பாப்பான்னுல்ல நெனச்சேன்."

"நீங்கதாம்மா. நான் எடுத்ததுலயே இதான் நல்ல படம்."

வித்யாஸ்ரீ பாறையிலிருந்து இறங்கி வந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். ஹம்சவேணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணே, என் படம் ஒண்ணு, இது ஒண்ணு, ரெண்டையும் பிரஸ்ஸுக்கு அனுப்புங்க. அவங்க பாத்துக்கட்டும்" என்றாள் அவள்.

அம்மா படம் எதற்கு என்று புரியாவிட்டாலும், பெற்றவளின் ஆசை என்று தவ்பீக் அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் பிரஸ்காரர் அருள்பாண்டி கூப்பிட்டார். தவ்பீக் ஸ்பீக்கரில் போட்டான்.

"ரெண்டாவது படம் அருமை அண்ணே, அதையே வச்சுட்டேன். ஆமா, அழைப்பிதழ்ல அரங்கேற்றம் ஹம்சவேணி அம்மாவுக்குன்னுல்ல போட்டிருக்கு, அவங்க மகளுக்கு எதுக்கு வேஷம் கட்டி நிக்க வச்சீங்க?"