எங்கள் தெருவின் மூன்று நோயாளிகள்

மதிப்பிற்குரிய மச்சான் தவ்ஃபீக்குக்கு, தண்டையார்பேட்டை மாவு மில் சௌக்கத் அலி சலாம் சொல்லி எழுதிக்கொண்டது.

இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. உன் அக்கா தாஹிராவும் அப்படித்தான் தொடங்கச் சொன்னாள். ஆனால் நீ வேலை பார்க்கிற கார்ப்பரேஷன் ஆபீஸ் கணக்குப்படி நான் இன்னும் நோயாளி, அதுவும் ஒரே ஒரு நோயாளி அல்ல என்பதால், முறையை ஒத்திவைக்கிறேன். போன் செய்தால் நீ இப்போதெல்லாம் எடுப்பதில்லை. அதனால்தான் காகிதம். தெருவுக்குக் காய்ச்சல் பார்க்க வரும் வரலட்சுமியிடம் கொடுத்து உன் கையிலேயே சேர்க்கச் சொல்லப்போகிறேன்.

கொரோனா எனக்கு வந்தது உண்மை, மறுக்கவில்லை. முகாமில் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்து, இருக்கிறது என்றார்கள். மில்லைப் பூட்டிவிட்டு மாடி அறையில் படுத்துவிட்டேன். காய்ச்சல் விட்டதும், மில்லைத் திறக்க வேண்டுமானால் இல்லை என்று சீட்டு வாங்கிவா என்றார் உங்கள் ஆபீஸர். ஆஸ்பத்திரிக்குப் போனேன், இன்னும் இருக்கிறது என்றார்கள். சில நாள் கழித்து வேறொரு முகாமுக்குப் போனேன், அங்கேயும் அதே பதில். மறுநாள் விடிந்தால் தெருவின் இரண்டு முனையிலும் தகரம். ஒரே தெருவில் மூன்று பேருக்கு வந்தால் அடைத்துவிட வேண்டுமாம். டீக்கடை, இஸ்திரிக் கடை, மஜீது பாயின் சைக்கிள் கடை, என் மில், எல்லாம் மூடல். தகரத்துக்கு அந்தப் பக்கம் துணிக்கடையில் மட்டும் கூட்டம் நெரிகிறது. நோய் தகரத்தைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பிவிடும் போலிருக்கிறது.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நான் ஒழுங்காக மாடியில் கிடந்தேனே, ஊர் சுற்றி எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்ட அந்த இரண்டு பேர் யார் என்று மொட்டை மாடியில் நின்று தெருவையே கூப்பிட்டுக் கேட்டேன். மஜீது பாயும் இஸ்திரிக்காரரும் ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. இதற்கிடையில் தினமும் காலையில் நலம் விசாரித்து உங்கள் ஆபீஸிலிருந்து மூன்று போன். முதல் பெண் சௌக்கத் அலியா என்பாள், அடுத்தவள் ஷவ்கத்தலியா என்பாள், கடைசிப் பெண் எஸ். அலியா என்பாள். பெயர் வாயில் நுழையவில்லை போலும் என்று எல்லோருக்கும் ஆமாம் சொன்னேன்.

தாஹிராதான் முதலில் விழித்துக்கொண்டாள். "இன்னாங்க, மூணு பேருக்கும் நீங்களே ஆமாம் சொல்லிகினு கீறீங்க?"

வரலட்சுமியைக் கேட்டேன். அவள் கைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "டெஸ்ட் எடுத்த மூணு எடத்துலயும் பேர வேற வேறயா எழுதிகிறாங்க. மூணு பேருக்கும் ஒரே நம்பர்தான் பாய் கீது."

"அந்த மூணு பேரும் நாந்தாம்மா."

"எனக்குத் தெரியுது பாய். பேர ஏத்தறது மட்டுந்தான் என் வேல. எறக்கறது உங்க மச்சான் ஆபீஸ்ல."

அன்றைக்கு மட்டும் நீ போனை எடுத்தாய். "சிஸ்டத்துல மூணு பேருன்னு கீது மச்சான். மூணு பேரும் தனித்தனியா குணமாவணும்" என்றாய். உன் நிக்காஹ்வுக்கு மாப்பிள்ளை மாலை வாங்கி வந்தவன் நான். நான் ஒருவனா மூவரா என்று உனக்கே சந்தேகம்.

இதுவரை சிரித்திருப்பாய். சிரித்தது போதும். தெருமுனையில் இட்லி சுட்டு விற்ற இருதயம்மாளை உனக்குத் தெரியும். உன் ஆபீஸ் முழுக்க அவள் கை இட்லியைத் தின்றிருக்கிறது. அவளுக்குக் காய்ச்சல் கண்டது. வரலட்சுமி எழுதி அனுப்பி, சோதனை செய்யும் வண்டியும் வந்தது. அடைத்த தெருவுக்குள் வண்டி போகாது என்று தகரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அடுத்த நாள் அவளுக்கு மூச்சு இழுத்தது. ஆம்புலன்ஸ் வந்து அதே தகரத்துக்கு வெளியே நின்று ஹாரன் அடித்தது. ஹார்பரில் மூட்டை தூக்கும் அவள் புருஷன் ஃப்ரெடியும் நானும் வெறுங்கையால் தகரத்தைப் பிடுங்கினோம். என் உள்ளங்கை கிழிந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்போதே அவள் போய்விட்டாள். சோதனை செய்யாததால் மூச்சுத் திணறல் என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று மாலை உங்கள் கணக்கு வந்தது. எங்கள் தெருவில் நோயாளிகள் மூன்று, இறப்பு இல்லை.

உயிரோடு நடமாடுகிற என்னை மூன்று முறை எண்ணினீர்கள். செத்தவளை ஒரு முறை எண்ணுவதற்கு உங்களிடம் ஆள் இல்லையா? கூட்டியும் குறைத்தும் நீங்கள் போடுகிற எண்ணை நம்பித்தானே எங்கள் கடைகளுக்குப் பூட்டுப் போடுகிறீர்கள்? என்னை ஒருவனாக்கு. அவள் எதனால் செத்தாள் என்பதை உள்ளபடி கணக்கில் ஏற்று. அதுவரை என் வீட்டுப் படியை மிதிக்காதே.

இறைவன் உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளையும், உனக்கு மட்டும் கொஞ்சம் வெட்கத்தையும் தருவானாக. தாஹிரா தன் துஆவைச் சேர்க்கச் சொன்னாள், அது அவளுடையது.

இப்படிக்கு,
சௌக்கத் அலி

பின்குறிப்பு: கொடுத்தனுப்பும் முன் ஃப்ரெடிக்கு இதைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அவ பேர எடுத்துடு பாய்" என்றான். ஏன் என்றேன். "கொரோனான்னு ஏறிச்சுன்னா என்னயும் பொண்ணயும் எங்கியாவது கூட்டிகினு போயி அடைச்சிருவாங்க. ஹார்பர்ல உள்ள வுடமாட்டான். தெருவுக்கு இன்னொரு தபா தகரம் அடிப்பான். இட்லிக்காரி வூட்டாலதான்னு ஜனம் பேசும். அவ யார்கிட்டயும் பேச்சு வாங்குனவ இல்ல பாய்." ஆகவே தவ்ஃபீக், அவள் விஷயமாக நான் மேலே கேட்ட எதையும் செய்யாதே. இருதயம்மாள் மூச்சுத் திணறலில்தான் செத்தாள். யார் வந்து கேட்டாலும் நானும் அதையே சொல்வேன்.