பெரியப்பாவுக்கு ஒரு சுருட்டு

மனிதர்கள் மேல் பொறாமைப்படுகிறவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். நான் ஒரு சிகரெட்டின் மேல் பொறாமைப்பட்டவன். லேசாக அல்ல, சோறு இறங்காத அளவுக்கு. அந்தச் சிகரெட் செய்த ஒரே குற்றம், யுவராஜின் கையிலிருந்து பிரபாவின் கைக்குப் போனதுதான்.

பிரபா என்னோடு பூலாம்பாடியில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அவனுடைய உயிரியல் ரெக்கார்டு நோட்டில் இருந்த தவளை, இதயம், செம்பருத்திப்பூ எல்லாம் நான் வரைந்து கொடுத்தவை. (அவனுக்கு முழு மதிப்பெண். எனக்கு ஒன்று குறைவு. நல்ல தவளையை அவனுக்குக் கொடுத்துவிட்டேன்.) அவன் வாலிபால் ஆடும்போது செருப்பையும் வாட்சையும் நான்தான் காவல் காப்பேன். இதற்கெல்லாம் நட்பு என்று பெயர் வைத்திருந்தேன். ஆனால் நண்பன் இன்னொருவனைப் பார்த்துச் சிரித்தால் யாருக்காவது வயிறு எரியுமா? எனக்கு எரிந்தது. மற்றப் பையன்களுக்குப் பெண்களைப் பார்த்தால் வருகிற தடுமாற்றம் எனக்கு அவனைப் பார்த்தால் வந்தது. அதை என்ன பெயர் சொல்லி யாரிடம் சொல்வது என்று தெரியாத பதினேழு வயது.

பன்னிரண்டாம் வகுப்பில் யுவராஜ் வந்து சேர்ந்தான். சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. அப்பா அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் லாரி ஓட்டினார். பையன் அங்கே அடங்கவில்லை என்று இங்கே மாமா வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். அவனுக்கு மீசை இருந்தது. (எனக்கு இன்றைக்கும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.) சட்டைப்பையில் சிகரெட்டும் இருந்தது.

பள்ளி விட்டதும், மூடிக்கிடந்த லாரி எடைமேடை அறைக்குப் பின்னால் ஐந்தாறு பேர் கூடுவார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே சிகரெட். பற்ற வைத்தவனுக்கு முதல் இழுப்பு. யார் முந்திக்கொண்டு "செகண்டு!" என்று கத்துகிறானோ அவனுக்கு அடுத்த இழுப்பு. ஆனால் யுவராஜ் பற்ற வைத்தால் மட்டும் யாரும் கத்தமாட்டார்கள். அவனுடைய செகண்டு பிரபாவுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். யுவராஜ் இழுத்துவிட்டு, முகத்தைக்கூடத் திருப்பாமல் கையைப் பக்கவாட்டில் நீட்டுவான். அங்கே பிரபாவின் விரல்கள் தயாராக இருக்கும். இதை நான் தினமும் பார்த்தேன். பார்க்காமல் வீட்டுக்குப் போகலாம் என்று தோன்றவே இல்லை.

மற்றவர்கள் ஆம்பளை என்று காட்டிக்கொள்வதற்காகக் குடித்தார்கள். இரண்டு பேர், பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி பார்க்க வேண்டும் என்பதற்காகக் குடித்தார்கள். (அந்தப் பெண் கடைசிவரை அந்தப் பக்கமே வரவில்லை.) எனக்குக் காரணம் பிரபா. இன்னொரு காரணமும் உண்டு, சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் பேசினால் கை ஆடும். "ஏன்டா பொம்பள மாதிரி ஆட்டுற?" என்று கேட்காதவன் எங்கள் வகுப்பில் கிடையாது. கையில் ஒரு சிகரெட் இருந்தால் கை எப்படி ஆடினாலும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். ஆக, அவரவர் காரணம் வேறு வேறு. இருமல் மட்டும் எல்லோருக்கும் பொது.

ஒரு நாள் கேட்டே விட்டேன். "எனக்கும் ஒரு இழுப்பு குடுடா."

"உனக்கெதுக்குடா இதெல்லாம்? ஒத்துக்காது," என்றான் பிரபா.

"தம்பிக்குப் பால்கோவா வாங்கிக் குடு பிரபா," என்றான் யுவராஜ்.

பிரபா சிரித்தான். யுவராஜ் கிண்டல் செய்ததைக்கூட மன்னித்திருப்பேன், பிரபாவின் சிரிப்பை மன்னிக்க முடியவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன். நானே ஒன்று வாங்கி, நானே பற்ற வைத்து, யுவராஜ் பார்க்கப் பார்க்க பிரபாவை என் செகண்டு ஆக்குவேன்.

மறுநாள் சண்முகம் அண்ணன் பெட்டிக்கடைக்குப் போனேன். சிகரெட் என்ற வார்த்தை வாயில் வரவில்லை. இரண்டு விரலை உதட்டில் வைத்துக் காட்டி, "ஒண்ணு குடுங்கண்ணே," என்றேன்.

"யாருக்குடா?"

எங்கள் ஊர்க் கடைகளில் பையன்கள் உப்பு கேட்டாலும் இந்தக் கேள்வி வரும். அப்பாவுக்கு வெற்றிலைகூடப் பழக்கமில்லை என்பது ஊரறிந்த விஷயம். அதனால், "பெரியப்பாவுக்கு," என்றேன்.

சண்முகம் அண்ணன் கை அப்படியே நின்றது. "யாருக்கு?"

"பெரியப்பாவுக்குத்தாண்ணே. சீக்கிரம் குடுங்க, காத்துக்கிட்டு இருக்காரு."

அவர் சாமி படத்தைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். எதையோ பேப்பரில் சுருட்டி, என் கையைத் தொடாமல் பலகை மேல் வைத்தார். எனக்கு இருந்த அவசரத்தில் இதெல்லாம் உறைக்கவில்லை.

உறைத்திருக்க வேண்டும். அது கார்த்திகை மாதம். பெரியப்பா சபரிமலைக்கு மாலை போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மாலை போட்டுவிட்டால் புகை கூடாது, கோபம் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. அவரோ குருசாமி. அது அவருக்குப் பதினெட்டாவது வருஷம், மலையில் தென்னங்கன்று வைக்க வேண்டிய வருஷம். பெரியப்பாவும் நாங்களும் ஒரே வீடு என்பதால் அந்தக் கன்று எங்கள் வாசலிலேயே ஒரு வாளியில் நின்றது. தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போனேன். தாண்டும்போது என் தலைக்குள் யுவராஜ் கையை நீட்டிக்கொண்டிருப்பான்.

எடைமேடைக்குப் பின்னால் போய், எல்லோர் முன்னாலும் கம்பீரமாகப் பேப்பரைப் பிரித்தேன். உள்ளே கட்டைவிரல் தடிமனில் கறுப்பாக ஒரு சுருட்டு. பெரியப்பாவுக்கு என்றதும், அவர் மற்ற மாதங்களில் வாங்குவதையே கொடுத்திருக்கிறார்.

"டேய், தாத்தாவாயிட்டான்டா!" என்று யுவராஜ் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பிரபாவும் சிரித்தான். இனி பின்வாங்க முடியாது. பற்ற வைத்தேன். சுருட்டுப் புகையை உள்ளே இழுக்கக் கூடாது, வாயோடு விட்டுவிட வேண்டும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அடிவயிறு வரைக்கும் இழுத்தேன்.

எடைமேடை என்னைச் சுற்றி வந்தது. கண்ணில் நீர், காதில் இரைச்சல். அடுத்த நிமிஷம் மத்தியானம் தின்ற புளிசாதம் முழுவதும் பிரபாவின் புது வாலிபால் ஷூ மேல் இருந்தது. அவன் கோபப்படவில்லை. "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா," என்று முதுகைத் தடவிக்கொடுத்தான். ஆறு வருஷ பெஞ்சு வாழ்க்கையில் அவன் எனக்கென்று செய்த முதல் காரியம். வாந்தி நின்றுவிடக் கூடாதே என்று கவலைப்பட்டேன். அப்போது கீழே கிடந்த சுருட்டை எடுத்து, யுவராஜ் "செகண்டு!" என்றான். ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் பக்கவாட்டில் நீட்டினான். முதுகிலிருந்த கை எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பினால், வாசல் முழுக்கக் கறுப்பு வேட்டி. பெரியப்பாவோடு முதல் தடவையாக மலைக்குப் போக மாலை போட்டிருந்த ஏழு கன்னிச்சாமிகள் நின்றார்கள். சண்முகம் அண்ணன் வாய் சும்மா இருக்கவில்லை. குருசாமி திருட்டுத்தனமாகச் சுருட்டு குடிக்கிறார் என்ற செய்தி, அதற்குள் ஊரை இரண்டு சுற்று சுற்றி வந்திருந்தது.

"நாங்க பெரம்பலூர் குருசாமிகிட்ட இருமுடி கட்டிக்கிறோம் சாமி," என்றார் மூத்த கன்னிச்சாமி. பெரியப்பா முகம் செத்துப்போயிருந்தது. பதினேழு வருஷம் சேர்த்த பெயர் ஒரு சாயங்காலத்தில் போய்க்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் அவருக்கு நெற்றி நரம்பு புடைத்தது. சாதாரண நாளாக இருந்தால் என் பரம்பரையையே இழுத்திருப்பார். விரதத்தில் எல்லோரும் சாமிதான், எல்லோருக்கும் மரியாதைதான். பல்லைக் கடித்துக்கொண்டு, "இங்க வாங்க சாமி," என்றார். "சுருட்டு யாருக்கு வாங்குனீங்க சாமி?" அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"எனக்குத்தான் பெரியப்பா."

"சின்னப் பையன வச்சுப் பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்றார் மூத்த கன்னிச்சாமி. "இவனுக்கு எதுக்குச் சுருட்டு?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாந்தியெடுத்த வாய் நாற்றம் போதவில்லை, அவர்களுக்குக் காரணம் வேண்டும். பெரியப்பா தென்னங்கன்றைப் பார்த்தபடி நின்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பிரபா யுவராஜ்கிட்ட மட்டுந்தான் வாங்கிக் குடிக்கிறான்! நான் ஆறாங்கிளாஸ்லேருந்து அவன் பக்கத்துல உக்காந்திருக்கேன்! தவளையெல்லாம் நாந்தான் வரஞ்சேன்! நேத்து வந்தவன்கிட்டப் போயி... எனக்கு மீசை இல்லன்னா நான் என்ன பண்ணுவேன்!"

ஏழு கன்னிச்சாமிகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதச் சோடிச்சுச் சொல்ல முடியாது சாமி," என்றார் மூத்தவர் கடைசியில். "பையன் நெசத்தத்தான் சொல்றான்." ஏழு பேரும் பெரியப்பா காலில் விழுந்து எழுந்தார்கள். பெரியம்மா மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

பெரியப்பா மலையில் கன்று வைத்துவிட்டு வந்தார். மாலை கழற்றியதும் சுருட்டு வாங்கப் போனவரிடம் சண்முகம் அண்ணன், "யாருக்கு, தம்பி மவனுக்கா?" என்று கேட்டிருக்கிறார். அதோடு சுருட்டை விட்டுவிட்டார். நானும் அந்தப் பக்கம் போகவில்லை. பிரபாவின் கல்யாணத்தில் யுவராஜ்தான் மாப்பிள்ளைத் தோழன். போட்டோவில் அவன் நின்ற இடத்தை நான் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன் என்பதை இங்கே மட்டும் சொல்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், திருச்சியில் வேலையும் கொஞ்சம் தைரியமும் கிடைத்த பிறகு, ஊருக்கு வந்தேன். சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுத்துக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் முதலில் சொன்னேன். எனக்குப் பெண்ணெல்லாம் பார்க்க வேண்டாம், திருமானூரில் மணி என்று ஒருவன் இருக்கிறான், அவனோடுதான் என் வாழ்க்கை என்றேன்.

"அத அன்னைக்கே வாசல்ல வச்சு ஊருக்கே சொன்னியேடா," என்றார் பெரியம்மா. அப்பாவுக்கு அதைப் புரியவைக்க அவருக்கு எட்டு மாதம் பிடித்தது. பெரியம்மா விடவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது பொறாமை என்ற வார்த்தையை யாரும் பயன்படுத்துவதில்லை. தங்கைக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததும் மூத்தது மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால், "பெரியவ கடைக்குப் போயிட்டா," என்கிறார்கள்.

போன பொங்கலுக்கு மணியை முதல் தடவையாக வீட்டுக்கு அழைத்துப் போனேன். என் சித்தப்பா மகனுக்கும் அவனுக்கும் வாலிபால் பேச்சு பிடித்துக்கொண்டது. தோளில் கைபோட்டுச் சிரிக்கிற அளவுக்குப் போய்விட்டது. அடுப்படியிலிருந்து பெரியம்மா சத்தம் போட்டார்:

"எலேய், நம்ம சுருட்டுக்காரனையும் நடுவுல உக்கார வைங்கடா! கடைக்குக் கெளம்பிருவான்!"

வீடே சிரித்தது. மணி ஒன்றும் புரியாமல் என்னைத் தேடினான். நான் வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.