வலது கண்ணில் வந்த ஆள்

"இன்னும் அங்கேயேதான் நிக்கிறான்டி," என்று முணுமுணுத்தார் வெல்டர்.

"யாரு? அங்க ஒருத்தரும் இல்ல," என்றாள் மனைவி.

சமையலறை வாசலில் ஒல்லியான ஒருவன் தட்டும் கையுமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முகமூடி போடாமல் பற்றவைத்துப் பற்றவைத்தே வெல்டரின் விழித்திரை இரண்டும் வெந்துபோயிருந்தன. யாருடைய உடம்பிலிருந்தோ எடுத்து வளர்த்த ஸ்டெம் செல்லை வலது கண்ணுக்குள் ஊசியால் வைத்தார்கள். பார்வை வந்தது. கூடவே இவனும் வந்தான். வலது கண் ஒழுங்காகத் தெரிந்தால்தான் இடது கண்ணுக்கும் வைப்பார்களாம். டாக்டர்கள் சொல்வதில் பாதி பயமுறுத்தல். எந்தப் பாதி என்றுதான் தெரியாது.

"பேய் தெரியுதுன்னு உளறினா இடது கண்ணு அம்போ," என்றாள் மனைவி. "கண்டுக்காதீங்க. தானா போயிடும்."

வெல்டர் கண்டுகொள்ளவில்லை. அவன் பேச ஆரம்பித்தான்.

"அண்ணே, மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?"

"பேசுதுடி! மரியாதை வேற!"

"பதில் சொன்னா ஒட்டிக்கும்."

வாயை இறுக மூடிக்கொண்டார். அவன் சாப்பாடு கொண்டுவந்து வைத்தான், இவர் தொடவில்லை. சொட்டு மருந்தோடு முகத்தருகே குனிந்தான். இவர் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டார். வயிறு காய்ந்தது. கண் சிவந்தது.

"நீயாவது ஏதாவது செஞ்சு போடேன்."

"அது நிக்கிற அடுப்படிக்கு நான் போகணுமா? நல்லா இருக்கே நியாயம்!"

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது வாடகைக் கார் கதவைத் திறந்துவிட்டவனும் அவன்தான். முன்சீட்டில் ஏறி, வழிநெடுக மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். பேய்க்கு என்ன சளியோ! பின்சீட்டில் மனைவி இவர் தோளில் சாய்ந்திருந்தாள். கனமே தெரியவில்லை.

டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். "ஏன் இப்படிச் சிவந்திருக்கு? சரி, இந்த ரூம்ல எத்தனை பேர் இருக்கோம், சொல்லுங்க."

வெல்டர் கவனமாக எண்ணினார். டாக்டர், நர்ஸ், தான், நாற்காலியில் மனைவி. கதவோரம் நின்றதை விட்டுவிட்டார்.

"நாலு பேர்."

"பிரமாதம்! இடது கண்ணையும் சீக்கிரமே பண்ணிடலாம்."

வெல்டருக்கு உச்சி குளிர்ந்தது. நாற்காலிப் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். "நீ சொன்னபடியே சமாளிச்சுட்டேன், பார்த்தியா?"

மனைவி சிரித்தாள். நர்ஸ் சிரிக்கவில்லை.

"யார்கிட்டய்யா பேசுறீங்க? கல்யாணமே வேண்டாம்னு தம்பியோடவே காலத்தை ஓட்டிட்டேன்னு கண்ணுல ஊசி போடுறதுக்கு முன்னாடி நீங்கதானே சொன்னீங்க... அதோ, கதவோரம் அழுதுக்கிட்டு நிக்கிறாரே, அந்தத் தம்பியோட!"